கையெழுத்துக்கு ஒரு கணவன்

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் அண்ணை குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உம்மடை பிறந்த திகதி என்ன?"

சொன்னேன். உதட்டுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"கலியாணம் எப்ப?"

அதையும் சொன்னேன்.

"எந்தக் கோயிலிலை?"

"மன்னாரிலை. உதெல்லாம் கேப்பினமே அண்ணை?"

"இமிகிரேசனிலை என்ரை சிநேகிதன் ஒருத்தனிட்டை, கலியாணக் கேக்கிலை எத்தினை தட்டு எண்டு கேட்டவங்கள். அவன் ரெண்டு எண்டான். தனிய வைச்சுக் கேக்கேக்கை மனிசி மூண்டு எண்டிட்டாள். அதோடை முடிஞ்சுது கேஸ். எங்கடை கேக்கிலை எத்தினை தட்டு?"

"கேக் வெட்டேல்லை. இடம்பெயர்ந்து நிண்ட நேரம்."

"அப்ப வெட்டேல்லை. ரெண்டுபேரும் அதையே சொல்லுவம்."

நாங்கள் போய்க்கொண்டிருந்தது இமிகிரேசன் கந்தோருக்கு அல்ல. டவுன்டவுனில் கருக்கலைப்புச் செய்யும் ஒரு கிளினிக்குக்கு. பக்கத்தில் இருந்தவர் என் கணவரும் அல்ல. மொன்றியலின் லாசால் பகுதியில், உறையவைத்த சாப்பாட்டைப் பெட்டிகளில் அடைக்கும் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர். என் கணவராக வந்து கையெழுத்துப் போடுவதற்காக அன்று லீவு எடுத்திருந்தார்.

அது 2003ஆம் ஆண்டு. ஊரில் சண்டை நின்று பாதை திறந்திருந்தது. எங்களுக்குப் பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவிட உரிமை, கிடைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. படுக்கையில் கிடந்த தகப்பனைப் பார்க்க என் கணவர் ஐந்து வருடத்துக்குப் பிறகு மன்னாருக்குப் போனார். ஏழு கிழமைப் பயணம். அவர் போய் மூன்றாவது கிழமை, பார்மசியில் வாங்கிய குச்சியில் இரண்டு கோடு வந்தது. இன்னொன்று வாங்கினேன். அதிலும் வந்தது. மூன்றாவதையும் வாங்கினேன். அடுப்பை நிறுத்தினேனா என்று பார்க்க மூன்று மாடி திரும்ப ஏறுகிறவள், ஒரு குச்சியை எப்படி நம்புவது?

எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கார்தெரி என்ற பகல்நேரக் காப்பகத்துக்குப் போய், எங்களோடு பிரெஞ்சில் சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தான். இளையவளுக்குப் பதினொரு மாதம். அவள் பிறந்த பிறகு வந்த நான்கு மாதத்தைப் பற்றி நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பல்கணிக் கதவடியில் போய் நிற்பேன். கீழே பனி எவ்வளவு ஆழம், விழுந்தால் சத்தம் கேட்குமா என்று யோசிப்பேன். அழுகையோ கோபமோ எதுவும் இருக்காது. கறிக்கு உப்புக் காணுமா என்று யோசிப்பதுபோல அது பாட்டுக்கு வரும். பிறகு குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, அவள் கத்தக் கத்த உள்ளேயே இருப்பேன். அவள் என் கையில் இல்லாதவரை அவளுக்கு ஒன்றும் ஆகாது என்பது மட்டும்தான் எனக்கு அப்போது தெளிவாகத் தெரிந்த விஷயம்.

நான்கு மாதத்துக்குப் பிறகு அது தானாகவே விட்டுப்போனது. மருந்து எடுக்கவில்லை, யாரிடமும் போகவில்லை. தானாக வந்து தானாகப் போனதற்குத் திரும்பி வரவும் வழி தெரியும் அல்லவா? அந்த இரண்டு கோட்டைப் பார்த்தபோது எனக்குப் பிள்ளை ஞாபகம் வரவில்லை. பல்கணிதான் ஞாபகம் வந்தது.

கணவரிடம் சொல்லியிருக்கலாம். மன்னாரில் அவர்கள் வீட்டுத் தொலைபேசி முன் விறாந்தையில் இருந்தது. நான் அழைத்தால் மாமி, மச்சாள்மார், வந்துபோகிறவர்கள் எல்லோரும் வரிசையாக வாங்கி "அங்கை இப்ப குளிரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் அவரிடம் கொடுப்பார்கள். அவர் "ஓம், சொல்லும்" என்பார். பின்னால் எல்லோரும் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கும். என்னத்தைச் சொல்ல? சொல்லாததற்கு அது மட்டும்தான் காரணம் என்று அப்போது என்னையே நம்பவைத்திருந்தேன்.

இளையவளுக்கு ஊசி போடப் போனபோது, அரசாங்க மருத்துவ நிலையத்தில் இருந்த தாதியிடம் எனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் ஒரு துண்டில் நம்பர் எழுதித் தந்தாள். "போலிஸ்?" என்று கேட்டேன். "நோ ப்ராப்ளம்" என்றாள். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் நோ ப்ராப்ளம் என்பார்கள். எங்கள் அகதிக் கோரிக்கையை வாங்கி வைத்த பெண்ணும் அதைத்தான் சொன்னாள். பிறகு இரண்டரை வருடம் காக்கவைத்தார்கள்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எனக்குத் தெரிந்த சட்டம் ஊர்ச் சட்டம்தான். தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும் கலைக்கலாம். மற்றபடி செய்தவருக்கும் சிறை, செய்துகொண்ட பெண்ணுக்கும் சிறை. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கலியாணத்துக்கு முன், காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் இரத்தம் போய்க் கிடந்தாள். ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரன் கொப்பியோடு வந்து அவள் தலைமாட்டில் நின்று, அரைகுறைத் தமிழில் கேட்டான், யார் செய்தது, எதால் செய்தது என்று. அவள் "சறுக்கி விழுந்தனான்" என்றாள். மத்தியானம் வந்து கேட்டான். சறுக்கி விழுந்தனான். அடுத்த நாளும் அதையேதான் சொன்னாள். நாலாம் நாள் கட்டில் வெறுமையாக இருந்தது. செத்தாளா, வீட்டுக்கு விட்டார்களா, கொண்டுபோனார்களா என்று தாதியைக் கேட்கப் பயந்து நான் கேட்கவில்லை.

அதோடு கையெழுத்து. என் அக்கா நாலு பிள்ளைக்குப் பிறகு, இனிப் பிள்ளை வேண்டாம் என்று ஒப்பரேசனுக்குப் போனபோது, புருசன் வந்து கையெழுத்து வைக்காமல் செய்ய மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அத்தான் கொழும்பில் தடுப்புக்காவலில் இருந்தார். அக்காவுக்கு ஐந்தாவதும் பிறந்தது. இனி வரப்போகிற பிள்ளையை நிறுத்தவே கணவன் கையெழுத்து வேண்டுமென்றால், ஏற்கெனவே வந்திருப்பதற்கு எத்தனை கையெழுத்து வேண்டியிருக்கும் என்று யோசித்து யோசித்து என் தலை வெடித்தது.

அண்ணையிடம் போனது அதனால்தான். அவர் ஐம்பது தாண்டிய யாழ்ப்பாணத்துக்காரர், கலியாணம் கட்டவில்லை. இந்த நாட்டுக்கு வந்து பதினைந்து வருடம். பிரெஞ்சு தெரியும் என்பதால் லாசாலில் பாதித் தமிழர்களை ஏதாவது ஒரு கந்தோருக்குக் கூட்டிப் போயிருக்கிறார். தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் அண்ணை. மத்தியானச் சாப்பாட்டு நேரம், லொக்கர் அறையில் ஆளில்லாத நேரம் பார்த்துச் சொன்னேன். சோற்றுப் பெட்டியைத் திறந்தவர் மூடிவிட்டார்.

"மனிசன் ஊரிலையெல்லோ?"

"அவர் போக முந்தித்தான் அண்ணை."

"ஓ. நான் நாள் எண்ணேல்லைத் தங்கச்சி. சும்மா கேட்டனான்." கொஞ்ச நேரம் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா யோசிச்சனீரோ?"

"யோசிக்கிறதைத் தவிர வேறை ஒண்டும் செய்யேல்லை."

"காரணம் கேக்கக்கூடாதென்ன?"

"கேக்காதேங்கோ."

"சரி. உப்பிடியான இடத்துக்குப் போனது பாதருக்குத் தெரியவந்தா…"

"உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"கடவுளுக்கும் தெரியும். அவர் வெளியிலை கதைக்கமாட்டார்." பெட்டியைத் திரும்பத் திறந்து ஒரு வாய் சாப்பிட்டார். "ஐம்பத்திரண்டு வயசிலை முதல்முதலா மாப்பிள்ளையாப் போறன். போற இடத்தைப் பாரும்."

அடுத்த நாள் தொழிற்சாலை வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியில் அவரே கதைத்தார். வியாழக்கிழமை ஒன்பது மணி. சூரியன் படம் போட்ட மருத்துவ அட்டையைக் கொண்டு வரவேண்டும். தனியாக வரக்கூடாது, கூட ஒருவர் வரவேண்டும். ரிசீவரை வைத்துவிட்டு, "பாத்தீரோ?" என்றார். "ஆளில்லாமல் வரக்கூடாதாம்." மயக்கம் வந்தால் வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் அந்த ஆள் என்று எங்கள் இருவருக்கும் ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. சட்டம் தெரிந்தவர்கள் அல்லவா நாங்கள்.

அதன் பிறகு எங்களுக்குத் தெரிந்த முறையில் தயாரானோம். எங்கள் அகதி விசாரணைக்கு முன் வக்கீல் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், கதை மாறக்கூடாது என்று. எழுதிக் கொடுத்த பதினொரு பக்கத்தையும் நான் பாடமாக்கினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுளை ஒழுங்காகச் சொல்லாதவள், எந்தத் திகதி எந்தச் சந்தியில் யார் மறித்தது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். எங்கள் ஆட்களுக்குள் அது ஒரு வேதம் மாதிரி. கதையை மாற்றாதவர்களுக்கு நாடு கிடைத்தது. மாற்றினவர்களுக்கு நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, சொன்னதற்கு மேல் புதிதாக ஒரு சொல் சொல்லக்கூடாது.

அங்கிரிஞோன் நிலையத்தில் பஸ்ஸை விட்டு மெட்ரோவில் ஏறியபோது அண்ணைக்குப் புதிதாக ஒன்று பிடிபட்டது.

"அங்கை என்னை அண்ணை எண்டு கூப்பிட்டுடாதையும். மனிசனை எப்பிடிக் கூப்பிடுறனீர்?"

"இஞ்சேருங்கோ எண்டு."

"கூப்பிடும் பாப்பம்."

வாயைத் திறந்தேன். வரவில்லை. எதிரே இருந்த கிழவி எங்களையே பார்ப்பது போலிருந்தது.

"சரி விடும்," என்றார். அவருக்கும் வியர்த்திருந்தது. "அண்ணை எண்டே கூப்பிடும். அவைக்கு விளங்கவே போகுது?"

கிளினிக் கதவில் பெயர்ப்பலகை இல்லை. ஒரு பொத்தான். மேலே ஒரு கமெரா. வெளியே நின்று கத்துகிறவர்களுக்காக அந்த ஏற்பாடு என்று பல வருடத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். அன்று நான் நினைத்தது, களவாகச் செய்வதால் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று. அண்ணை கமெராவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, தலையைச் சரிசெய்து, பிறகு யோசித்துத் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

எங்களைக் கூப்பிட்ட தாதி நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தாள். சின்ன அறை. மூன்று கதிரை, ஒரு மேசை, ஒரு தொலைபேசி. அவள் என்னைப் பார்த்து பிரெஞ்சில் கேட்டாள். அண்ணை பதில் சொன்னார். என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள். அதற்கும் அண்ணை பதில் சொன்னார். அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார். எந்தக் கந்தோரிலும் அவர் வேலை அதுதானே.

எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.

"மூண்டு," என்றார் பிரெஞ்சில். பிரெஞ்சில் எண்கள் எனக்கு விளங்கும். நான் அவர் காலை மிதித்தேன். "ரெண்டு," என்றார். "இதோடை மூண்டு."

கடைசிப் பிள்ளை எப்போது பிறந்தது என்று கேட்டாள். அவர் என் கலியாணத் திகதியைச் சொன்னார். ஏழு வருடத்துக்கு முந்திய திகதி. தாதி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேனையை மேசையில் வைத்துவிட்டு, தயவுசெய்து நீங்கள் வெளியே இருங்கள் என்று அவரிடம் சொன்னாள்.

அவர் எழும்பவில்லை. "நான் கணவன். நான் கையெழுத்துப் போடவேணும்," என்றார். தாதி எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணை வாசலில் திரும்பி என்னிடம் தமிழில், கொஞ்சம் பலமாகவே சொன்னார்:

"என்ன வந்தாலும் கதையை மாத்திப்போடாதையும், கேட்டீரோ?"

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைத் தாதி பார்த்துக்கொண்டிருந்தாள். விளங்காத பாஷையில் ஓர் ஆள் விரலை நீட்டி ஏதோ உத்தரவு போடுகிறார், பெண் தலையாட்டுகிறாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன். ஆனால் அன்று அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பிடிபட்டுவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது.

அவள் தொலைபேசியில் யாரையோ அழைத்து, கொஞ்சம் காத்திருந்து, பொத்தானை அழுத்தி மேசை நடுவில் வைத்தாள். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் "வணக்கம் மேடம்" என்றது.

மொன்றியலில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர்? ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எனக்குப் பின் வாங்கில் இருக்கிறவளாக இருந்தால்?

"நீங்கள் எவடம்?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் வாயில் முதலில் வருவது அதுதானே.

குரல் அதையும் அப்படியே பிரெஞ்சில் தாதிக்குச் சொன்னது. தாதி புருவத்தைத் தூக்கினாள். குரல் திரும்பி வந்தது. "அத நான் சொல்லக் கூடாது மேடம். ரூல் இருக்கு. நீங்க சொல்றத அவங்களுக்கும், அவங்க சொல்றத உங்களுக்கும் சொல்லுவேன், அவ்ளோதான். வெளில யாருகிட்டயும் போகாது."

இந்தியத் தமிழ். எங்கள் ஆள் இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

"வெளில இருக்கறவர் உங்க ஹஸ்பெண்டான்னு கேக்கறாங்க."

"ஓம்."

"இத நீங்க பண்ணிக்கணும்னு யார் முடிவு பண்ணது? நீங்களா, அவரா?"

"ரெண்டுபேரும்." இது நாங்கள் பஸ்ஸில் ஒத்திகை பார்த்தது.

"இங்க என்ன சொல்லணும்னு அவர் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரா?"

"இல்லை."

"அவர் உங்கள அடிக்கறாரா மேடம்?"

அண்ணை என்னை அடிப்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். "இல்லை."

"கடைசிப் பாப்பா பிறந்த தேதி அவருக்கு ஏன் தெரியலைன்னு கேக்கறாங்க."

நான் பேசாமல் இருந்தேன். சொன்னதற்கு மேல் ஒரு சொல் சொல்லக்கூடாது.

தாதி காத்திருந்தாள். நான் மேசை விளிம்பைப் பார்த்தேன். அவள் நீண்ட நேரம் மெதுவாக ஏதோ பேசினாள். கோபமாகப் பேசவில்லை, அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. குரல் சொன்னது: "மேடம், இது உங்க சொந்த முடிவுதான்னு அவங்களுக்கு உறுதியாத் தெரியலையாம். அதனால இன்னிக்குப் பண்ண முடியாதுங்கறாங்க. அடுத்த வியாழக்கெழமை நீங்க மட்டும் வாங்க, நேர்ல ஒரு டிரான்ஸ்லேட்டர வரவெக்கறோம், நிதானமாப் பேசலாங்கறாங்க. வீட்ல பயமா இருந்தா அதுக்கும் உதவி இருக்காம்."

அடுத்த வியாழக்கிழமை. என் கணவர் அதற்கு முந்திய சனிக்கிழமை வந்து இறங்குகிறார். தாதி என் விவரம் எழுதிய கோப்பை மூடிவிட்டாள். நீல மட்டை. கையை அதன்மேல் வைத்திருந்தாள்.

அந்த நிமிடத்தில் என் தலைக்குள் ஓடியதையெல்லாம் எழுதினால் ஒரு புத்தகம் வரும். உண்மையைச் சொன்னால் பொய்க் கணவனைக் கொண்டுவந்த குற்றம். அண்ணைக்குப் பேப்பர் கிடைத்ததே ஒன்பது வருடம் காத்திருந்து, அது போகும். எங்களையும் விசாரிப்பார்கள். இங்கே பொய் சொன்னவள் அங்கேயும் சொல்லியிருப்பாள் என்று பழைய பதினொரு பக்கத்தையும் தூக்கி எடுப்பார்கள். பிள்ளைகளோடு கொழும்பு விமான நிலையத்தில் இறக்கிவிடப்படுவது வரை நான் போய்விட்டேன். உண்மையைச் சொல்லாமல் எழும்பிப் போனால் பல்கணி. அதற்கப்பால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கப்பால் பார்க்க முடியவில்லை.

"அவர் என்ரை மனிசன் இல்லை," என்றேன்.

"மேடம், இத அப்படியே சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்கோ. என்னோடை வேலை செய்யிறவர். கையெழுத்துக்காகக் கூட்டிக்கொண்டு வந்தனான். நான்தான் கேட்டனான், அவரிலை பிழை இல்லை எண்டதையும் சொல்லுங்கோ. மனிசன் ஊரிலை. அவருக்குத் தெரியாது."

தொடங்கினதை நிறுத்த முடியவில்லை. இளையவளைப் பற்றிச் சொன்னேன். பல்கணிக் கதவைப் பற்றி, பனியின் ஆழத்தைப் பற்றி, குளியலறையைப் பற்றி, முதல்முதலாக, முகம் தெரியாத ஒருத்திக்குச் சொன்னேன். அந்தக் குரல் ஒவ்வொரு வசனமாக வாங்கி பிரெஞ்சாக்கிக் கொடுத்தது. விழுந்தால் சத்தம் கேட்குமா என்று யோசித்ததைச் சொன்னபோது குரல் தடுமாறி, "ஒரு நிமிஷம் மேடம்" என்றது. தண்ணீர் குடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு அதையும் சொன்னது.

நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதையை மாற்றினவளை என்ன செய்வார்களோ அது அந்தக் கதவு வழியாகத்தான் வரவேண்டும்.

தாதி நீல மட்டையைத் திறந்தாள். முதல் பக்கத்தில் எழுதியிருந்ததைக் குறுக்கே ஒரு கோடு போட்டு வெட்டினாள். என் பக்கத்துக் கதிரையில், அண்ணை இருந்த கதிரையில் வந்து உட்கார்ந்தாள்.

"இப்பத்தான் உங்கள நம்ப முடியுதுங்கறாங்க," என்றது குரல். "இன்னிக்கே வேணுமான்னு ஒரு தடவ நீங்களே சொல்லணுமாம். வேற யாரையும் யோசிக்காம."

"ஓம். இண்டைக்கு."

"அவங்க 'ஓம்'க்கு அர்த்தம் கேக்கல, நானே எஸ்னு சொல்லிட்டேன்," என்றது. சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாத குரல்.

கணவனின் கையெழுத்து இங்கே யாருக்கும் தேவையில்லை என்று தாதி விளக்கினாள். அப்படியென்றால் சட்டத்தில் என்னென்ன நிபந்தனை என்று கேட்டேன். இந்த நாட்டில் இதைத் தடுக்கிற சட்டமே இல்லை, பல வருடத்துக்கு முன்பே இல்லாமல் போய்விட்டது என்றாள். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்டு எனக்குப் பயம் கூடியது. சட்டம் இருந்தால் எதை மீறுகிறோம் என்றாவது தெரியும். ஒருவரும் மறிக்காத இடத்தில் எப்படி நடப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அவள் தந்த தாளில் கீழே ஒரு கோடு இருந்தது. மற்றக் கோட்டைத் தேடிப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். இல்லை. கையெழுத்தைப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் கோட்டுக்குக் கீழே இறங்கிப் போகும். அன்றும் இறங்கியது.

மற்றது பதினைந்து நிமிடம் கூட எடுக்கவில்லை. வலித்தது. தாதி கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சாய்வு நாற்காலியில் இருத்தி, வயிற்றில் சூடு வைத்து, அப்பிள் ஜூஸும் பிஸ்கட்டும் தந்தார்கள். எனக்கு முன் இரண்டு பெண்கள் அதே பிஸ்கட்டோடு இருந்தார்கள். ஒருத்தி அழுதாள், ஒருத்தி பத்திரிகை பார்த்தாள். நான் என்ன செய்யவேண்டும் என்று தெரியாமல் பிஸ்கட்டைச் சாப்பிட்டேன். போகும்போது தாதி இன்னொரு நம்பர் தந்தாள். பல்கணி யோசனை திரும்ப வந்தாலும் வராவிட்டாலும் அங்கே பேசச் சொன்னாள். அங்கே பிறகு போனேன். அது வேறு கதை.

அண்ணை வெளியே கோட்டைக்கூடக் கழற்றாமல், கதிரை நுனியில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார்.

"எங்கை போடவேணும்?"

"தேவையில்லையாம்."

"பிடிபட்டிட்டமோ?"

"நான் கதையை மாத்திப்போட்டன் அண்ணை."

அவர் முகம் வெளிறியதைக் கண்டேன். கதவைப் பார்த்தார், கமெராவைப் பார்த்தார். "பொலிசுக்குக் கோல் அடிச்சிட்டாங்களோ?"

"இல்லை. முடிஞ்சுது. வீட்டை போகச் சொல்லிச்சினம்."

"முடிஞ்சுதோ?" பேனையை மூடினார். "அப்ப என்னை ஏன் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவை?" என்றார்.

"மயக்கம் வந்தா பிடிக்கவாம்."

அவர் உடனே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மெட்ரோ வரை விடவில்லை.

பஸ் லாசாலுக்குள் வந்த பிறகுதான் அண்ணை வாயைத் திறந்தார். "சனிக்கிழமை மனிசன் வந்து கேட்டா என்ன சொல்லுறது? இப்பவே ஒரு கதை வைச்சுக்கொள்ளுவம். இண்டைக்கு வேலையிலை நிண்டனாங்கள். மிசின் பழுதாகி…"

"கதை வேண்டாம் அண்ணை."

"பேந்து மாட்டுப்பட்டா?"

"நானே சொல்லிக்கொள்ளுறன்."

சொல்வேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. சனி போனது, ஞாயிறு போனது. செவ்வாய்க்கிழமை, என் கணவர் மன்னாரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டைப் பிரித்து இருவரும் டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். பல்கணியிலிருந்து தொடங்கிச் சொன்னேன். இடையில் நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று தெரிந்து, ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் மூடிகளை ஒவ்வொன்றாக மூடினார்.

"ஆரோடை போனனீர்?"

சொன்னேன்.

"அந்தாளின்ரை பிரெஞ்சை நம்பியோ?"

எழும்பிப் போய்க் கை கழுவினார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தார். கண் சிவந்திருந்தது.

"எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம்."

"எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பியள்?"

வீட்டுக்குள் பொய் சொல்லத் தெரியாத மனிதர். யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், அது முகத்தில் தெரிந்தது.

"பெறுவம் எண்டு சொல்லியிருப்பன்."

"எப்பிடிச் சொல்லியிருப்பியள்? கோவமாவோ?"

"ஏன் கோவம்? பாசமாத்தான். நான் பாத்துக்கொள்ளுறன், பயப்பிடாதையும் எண்டுதான்."

"அதுதான்," என்றேன். "கோவமாச் சொன்னா நான் மாட்டன் எண்டு சொல்லியிருப்பன். பாசமாச் சொன்னா மாட்டன் எண்டு சொல்ல ஏலாது."

அவர் கடைசி டப்பாவின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு திரும்பவும் மூடினார்.